தண்ணீர் வார்க்கும் நாள்

மேற்கணக்கு, தெரணியகலை
8.1.1967

மதிப்புக்குரிய டாக்டரம்மாவுக்கு,

என்னை உங்களுக்குத் தெரியாது என்று எழுதினால் அது பொய். தெரியும், தெரிந்துகொள்ள விருப்பமில்லை என்பதுதான் சரி. நான் மூக்காயி, உங்கள் அண்ணன் ஏரம்பமூர்த்தியின் மனைவி. அவர் இந்தத் தோட்டத்தில் மருந்து கொடுக்கும் டிஸ்பென்சராக இருக்கிறார். நான் பிள்ளைக் காம்பராவில், வேலைக்குப் போகும் தாய்மாரின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிறேன். எட்டாம் வகுப்பு வரை படித்தவள். பிழை இருந்தால் மன்னிக்கவும்.

நான் எழுதுவது அவருக்குத் தெரியாது. தோட்டத்துக் கூலிக்காரரின் லயத்து வீட்டில் பிறந்த என்னை அவர் கட்டியபோது, "எனக்கு அண்ணன் என்று ஒருவர் இருந்தார் என்று இனிமேல் யாரிடமும் சொல்லமாட்டேன்" என்று அவருக்கு எழுதினீர்கள். அன்றிலிருந்து அவரும் உங்கள் பெயரைச் சொல்வதில்லை. ரோஷத்தில் அண்ணனும் தங்கையும் ஒன்றுதான் போலிருக்கிறது. எனக்கும் ரோஷம் உண்டு. மகளுக்காக அதை ஒரு பக்கம் வைத்துவிட்டு எழுதுகிறேன்.

எங்களுக்கு ஒரே மகள். எட்டு வயது. பள்ளிக்கூடத்து ஏற்றத்தில் மற்றப் பிள்ளைகள் ஓடுவார்கள், இவள் கல்லுக்குக் கல் உட்கார்ந்து போவாள். மழை தொடங்கினால் நெஞ்சுச் சளி. இரத்தினபுரியில் ஒரு டாக்டர் குழலை வைத்துக் கேட்டுவிட்டு, இதயத்தின் உள்சுவரில் ஓட்டை இருக்கிறது, கொழும்பில்தான் தைக்க முடியும் என்றார். உங்கள் அண்ணனுக்கு இது முன்பே தெரிந்திருக்கும் என்று நினைக்கிறேன். அவள் நெஞ்சில் குழலை வைத்துக் கேட்பார், பிறகு மடித்து வைத்துவிடுவார்.

நீங்கள் கொழும்பில் அப்படிப்பட்ட ஆபரேஷனுக்கு மயக்க மருந்து கொடுக்கும் டாக்டர் என்று ஆபீஸ் கிளாக்கர் ஐயா வீட்டில் சொன்னார்கள். அவளைப் பார்ப்பீர்களா?

அவள் பெயர் மகாதேவி. உங்கள் அம்மாவின் பெயர். வைத்தது உங்கள் அண்ணன்தான்.

மூக்காயி

*

கொழும்பு
20.1.1967

திருமதி ஏரம்பமூர்த்தி அவர்களுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. பிள்ளையை அடுத்த மாதம் முதல் செவ்வாய்க்கிழமை எங்கள் கிளினிக்குக்குக் கூட்டி வாருங்கள். இரத்தினபுரியில் எடுத்த எக்ஸ்ரே படம் இருந்தால் அதையும் கொண்டுவாருங்கள். சத்திர சிகிச்சை செய்வது நான் அல்ல. செய்யலாமா என்பதைப் பெரிய டாக்டர்தான் முடிவு செய்வார். நான் தூங்க வைப்பவள் மட்டுமே.

பழைய விஷயங்களைப் பற்றி எழுத எனக்கு விருப்பமில்லை. அம்மா போன வருடம் காலமாகிவிட்டார். அண்ணனுக்குத் தந்தி அடிக்க வேண்டும் என்று நான் சொன்னேன், வீட்டில் கேட்கவில்லை. அவரிடம் இதை எப்படிச் சொல்வது என்று உங்களுக்குத் தெரியும். எனக்குத் தெரியவில்லை.

சிவனேஸ்வரி

*

மேற்கணக்கு, தெரணியகலை
19.2.1967

டாக்டரம்மாவுக்கு,

நீங்கள் அன்றைக்கு மகாதேவியின் துண்டுச்சீட்டில் பெயரை எழுதும்போது பேனாவை நிறுத்தினீர்கள். நான் பார்த்தேன். பிறகு அவள் தலையைத் தடவினீர்கள். அவள் வரும் வழியெல்லாம் பஸ்ஸில் உங்கள் பேச்சுத்தான். "மாமிக்கு மூக்கு அப்பா மாதிரியே இருக்கும்மா" என்றாள். மாமி என்று நான் சொல்லிக் கொடுக்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் எல்லாம் வெளியில் வந்துவிட்டது. பிள்ளை வாய் சும்மா இருக்குமா? "ஆரைக் கேட்டு அங்க போனனீ?" என்று உங்கள் அண்ணன் கத்தினார். நானும் விடவில்லை. "ஒங்க ரோஷத்துக்கு எம்புள்ளய பலி குடுக்கச் சொல்றீங்களா?" என்று கேட்டேன். பிறகு உங்கள் அம்மாவின் செய்தியைச் சொன்னேன். அவர் எழுந்து டிஸ்பென்சரிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அன்று சுகமில்லாமல் வந்தவர்கள் வெளியில் காத்திருந்துவிட்டுத் திரும்பிப் போனார்கள். அவர் அழுகிற சத்தத்தை நான் முதன்முதலாகக் கேட்டது அன்றைக்குத்தான்.

இப்போது தடுக்கவில்லை. ஆனால் பயப்படுகிறார். பெரிய டாக்டர், பிள்ளையை ஐஸில் வைத்துக் குளிர வைத்துத்தான் தைப்போம் என்றாரே, அதைச் சொன்னதும் அவர் முகம் மாறிவிட்டது. பழைய புத்தகங்களை எடுத்துப் புரட்டிக்கொண்டே இருக்கிறார். கேட்டால், "குளிரில இதயம் குழம்பும்" என்கிறார், அதற்குமேல் சொல்வதில்லை. நெஞ்சுச் சளிக்காரியைக் குளிர்காற்றிலேயே விடாமல் வளர்த்தவள் நான். அவளை ஐஸில் போடுவதற்குச் சம்மதம் என்று கையெழுத்துப் போட வேண்டுமாம். எனக்கு விளங்கும்படி எழுதுங்கள். விளங்காமல் நான் கையெழுத்துப் போடமாட்டேன்.

மூக்காயி

*

கொழும்பு
27.2.1967

அன்புள்ள மூக்காயிக்கு,

நீங்கள் கேட்டது நியாயம். எழுதுகிறேன்.

ஓட்டையைத் தைக்க வேண்டுமானால் இதயத்துக்குள் இரத்தம் வருவதைச் சில நிமிடங்கள் நிறுத்த வேண்டும். உடம்பு சூடாக இருக்கும்போது நிறுத்தினால் மூளை தாங்காது. குளிர்ந்திருந்தால் தாங்கும். நான் அவளைத் தூங்க வைத்த பிறகுதான் ஐஸ் தண்ணீர்த் தொட்டியில் கிடத்துவோம். அவளுக்குக் குளிர் தெரியாது.

அண்ணன் பயப்படுவதிலும் நியாயம் இருக்கிறது. சூடு இறங்க இறங்க இதயம் முரண்டு பிடிக்கும். சில சமயம் ஒழுங்காக அடிப்பதை விட்டுவிட்டு வெறுமனே நடுங்கத் தொடங்கிவிடும். நடுங்கும் இதயம் இரத்தத்தைத் தள்ளாது. அதை அடக்கி வைக்கத்தான் குயினிடீன் என்ற மாத்திரை. மலேரியாவுக்குக் குடித்த கொயினா எந்த மரப்பட்டையிலிருந்து வருகிறதோ, அதிலிருந்துதான் இதுவும். அதே கசப்பு. வார்டில் சேர்த்ததும் கொடுக்கத் தொடங்குவோம், ஆபரேஷன் வருவதற்குள் உடம்பில் ஊறியிருக்கும். நர்ஸ் மிஸ்ஸி உங்கள் கையில் தருவார், நீங்கள் பிள்ளைக்குக் கொடுப்பீர்கள். காதுக்குள் இரைச்சல் கேட்கிறது என்று சொல்லுவாள். பயப்பட வேண்டாம்.

மற்றதெல்லாம் எங்கள் வேலை, உங்களுக்குத் தலையிடி வேண்டாம். ஒன்று சொல்கிறேன். அம்மாள் வருத்தம் வந்த பிள்ளைக்கு, அது இறங்கியதும் வேப்பிலையும் மஞ்சளும் போட்டுத் தண்ணீர் வார்ப்போம் அல்லவா? சூட்டைத் தணித்துப் பிள்ளையை மீட்டுத் தரும் தண்ணீர் அது. இதையும் அப்படியே நினைத்துக்கொள்ளுங்கள். தொட்டி பெரிது, தண்ணீர் கொஞ்சம் அதிகம் குளிர், அவ்வளவுதான்.

கையெழுத்துப் போடுங்கள். நான் பக்கத்திலேயே இருப்பேன்.

சிவனேஸ்வரி

*

மேற்கணக்கு, தெரணியகலை
20.3.1967

டாக்டரம்மாவுக்கு,

கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டேன். தண்ணீர் வார்ப்பது என்று நீங்கள் எழுதிய பிறகுதான் எனக்கு நெஞ்சு லேசானது. இவளுக்கு நாலு வயதில் அம்மை போட்டிருந்தது. தண்ணீர் ஊற்றிய அன்று வாசலில் நின்று சிரித்தாளே ஒரு சிரிப்பு, அது இன்னும் கண்ணில் நிற்கிறது. உங்கள் கடிதத்தில் அந்த இடத்தை மட்டும் அவளுக்கும் வாசித்துக் காட்டினேன். "அப்ப எனக்குப் புதுச்சட்டை உண்டா?" என்று கேட்டாள். தண்ணீர் ஊற்றினால் புதுச்சட்டை போடுவதுதானே எங்கள் வழக்கம். வெள்ளையில் நீலப்பூ போட்ட துணி எடுத்துத் தைத்திருக்கிறேன்.

வரும் திங்கட்கிழமை அவளைக் கொண்டுவந்து சேர்க்கிறேன். அவரும் வருவார். கொழும்பில் சிநேகிதர் வீட்டில் தங்குவாராம். வார்டுக்குள் வரமாட்டாராம், வாசலில் நிற்பாராம். உங்கள் முகத்தைப் பார்க்க வெட்கம் என்பதை ஒத்துக்கொள்ளாமல், "ஆஸ்பத்திரி மணம் எனக்கு ஒத்துவராது" என்கிறார். காலம் பூராவும் டிஸ்பென்சரிக்குள் கிடக்கிற மனிதர் சொல்கிற சாக்கைப் பாருங்கள்.

மூக்காயி

*

கொழும்பு
18.4.1967

அன்புள்ள மூக்காயிக்கு,

எத்தனையோ தாள்களைக் கிழித்துவிட்டேன். கருமாதிக்கு வரவேண்டும் என்று கிளம்பி, அவிசாவளையில் பஸ்ஸை விட்டு இறங்கித் திரும்பிவிட்டேன். உங்கள் வாசலில் எந்த முகத்தோடு வந்து நிற்பது?

அன்று உங்களிடம் யாரும் ஒழுங்காகச் சொல்லியிருக்கமாட்டார்கள். நான் சொல்கிறேன். அவள் நல்லபடி தூங்கினாள். சூடு மெதுவாக இறங்கியது. நெஞ்சைத் திறக்கும் முன்பே, இன்னும் யாரும் கத்தியை எடுக்காதபோதே, அவள் இதயம் நடுங்கத் தொடங்கிவிட்டது. உடனே திறந்து கையால் பிசைந்தோம். வெந்நீர் ஊற்றிச் சூடாக்கினோம். மின்சாரமும் கொடுத்துப் பார்த்தோம். பெரிய டாக்டரின் கை களைத்தபோது மற்றவர் மாறினார். யாரும் லேசில் விடவில்லை, இதை மட்டும் நம்புங்கள்.

வெளியில் வந்தபோது அண்ணன் வாசலில் நின்றார். அத்தனை வருடங்களுக்குப் பிறகு அவர் என்னிடம் பேசிய ஒரே சொல், "முடிஞ்சுதோ?"

எனக்கு விளங்காத ஒன்று இருக்கிறது. மருந்தின் அளவை அவள் எடைக்குச் சரியாகத்தான் போட்டேன். வார்டுத் துண்டுச்சீட்டில் எல்லா வேளையும் கொடுத்ததாகத்தான் இருக்கிறது. அப்படியிருந்தால் இதயம் அவ்வளவு சீக்கிரம் குழம்பியிருக்கக் கூடாது. பெரிய டாக்டர் என்னிடம் விளக்கம் கேட்டிருக்கிறார். அது வரும்வரை குளிர வைத்துச் செய்யும் சிகிச்சைகளில் நான் நிற்க முடியாது. எழுத என்னிடம் ஒன்றும் இல்லை. கணக்கை மறுபடி மறுபடி போட்டுப் பார்க்கிறேன். சரியாகத்தான் வருகிறது.

பக்கத்திலேயே இருப்பேன் என்றேன். இருந்தேன். அதனால் என்ன பயன்? என்னை மன்னியுங்கள்.

சிவனேஸ்வரி

*

மேற்கணக்கு, தெரணியகலை
30.4.1967

டாக்டரம்மாவுக்கு,

மன்னிப்பு என்ற சொல் வேண்டாம். நீங்கள் அவளுக்கு எதிரியா? லயத்து ஆட்கள் ஒவ்வொன்று பேசுகிறார்கள். "உசுரோட இருந்த புள்ளய ஐஸில போட்டுக் கொன்னுட்டாங்க" என்று என் காதுபடவே சொல்கிறார்கள். அவளை ரப்பர் மலை ஓரத்தில் மண்ணில் வைத்திருக்கிறோம். ரப்பர் பால் வெட்டப் போகிற பக்கத்து வீட்டு அழகம்மா போகும்போதும் வரும்போதும் அங்கே நின்றுவிட்டு வருகிறாள். என்னால் இன்னும் போக முடியவில்லை.

பிள்ளைக் காம்பராவுக்குத் திரும்பவும் போகிறேன். மற்றவர்கள் பிள்ளையைத் தூக்கி ஏணையில் போடும்போது கை தானாக ஆட்டுகிறது. மனம் இல்லை.

நீங்கள் கணக்குப் போட்டுப் பார்ப்பதாக எழுதியிருந்தீர்கள். நானும் அதைத்தான் செய்கிறேன். என் பக்கத்தில் ஏதாவது குறை வைத்தேனா என்று யோசிக்கிறேன். ஒன்றும் தெரியவில்லை. நீங்கள் எழுதியபடியே எல்லாம் செய்தேன். அந்த மாத்திரையால் அவளுக்குக் காதுக்குள் ஒரே இரைச்சல். "வண்டு கத்துதும்மா, வேணாம்மா" என்று அழுவாள். அழுதாலும் வெல்லத்தில் பொதிந்து கொடுத்துவிடுவேன். தண்ணீர் வார்ப்பதற்கு முந்தின நாள் பொழுது சாயும்போதிலிருந்துதான் நிறுத்தினேன். அம்மன் தண்ணீர் வார்க்கிற நாளில் மருந்து தொடக்கூடாது அல்லவா. அதுவரை கொடுத்ததுதான் உடம்பில் ஊறியிருக்குமே. மிஸ்ஸி நல்லவர், ஆனால் அவருக்கு இதெல்லாம் தெரியாது, கோபிப்பார். அதனால் மாலையில் தந்ததையும் காலையில் தந்ததையும் வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டேன். மஞ்சள் தண்ணீரில் துணியை நனைத்து அவள் உடம்பைத் துடைத்தேன். தலையணைக்குக் கீழே வேப்பிலை வைத்தேன். நீலப்பூச் சட்டையை மடித்துத் தயாராக வைத்திருந்தேன்.

இவ்வளவும் செய்தும் அம்மன் ஏன் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்? எதை விட்டேன் நான்? நீங்கள் படித்தவர். உங்களுக்குத் தெரிந்தால் சொல்லுங்கள்.

மூக்காயி

*

கொழும்பு
8.5.1967

அன்புள்ள மச்சாளுக்கு,

நீங்கள் எதையும் விடவில்லை. ஒரு தாய் செய்ய வேண்டிய எல்லாவற்றையும் செய்தீர்கள். இதை நான் டாக்டராகவே சொல்கிறேன்.

விளக்கத்தை எழுதிக் கொடுத்துவிட்டேன். மருந்தின் அளவை நான் குறைத்துப் போட்டுவிட்டேன். மறுபடி பார்த்தபோதுதான் தெரிந்தது. அவ்வளவுதான் விஷயம். இனி இதய சிகிச்சைப் பக்கம் நான் போகமாட்டேன். மாற்றம் கேட்டிருக்கிறேன், சிறிய ஆஸ்பத்திரி ஏதாவது கிடைக்கும். எனக்கும் களைப்பாக இருக்கிறது.

அந்த மாத்திரைகள் இன்னும் உங்களிடம் இருந்தால் எறிந்துவிடுங்கள். அவற்றால் ஒன்றும் இல்லை. நீங்கள் எழுதியதை அண்ணனிடம் சொல்ல வேண்டாம், இந்தக் கடிதத்தையும் காட்ட வேண்டாம். தவறு என்பதற்காக அல்ல. நேர்த்தி விஷயமெல்லாம் ஆண்களுக்கு விளங்காது, அதற்காகத்தான். அவரைக் கவனமாகப் பார்த்துக்கொள்ளுங்கள். நேரத்துக்குச் சாப்பிடுங்கள்.

உங்கள் மச்சாள்
சிவனேஸ்வரி

*

மேற்கணக்கு, தெரணியகலை
21.5.1967

மச்சாளுக்கு,

என்னை முதன்முதலாக மச்சாள் என்று எழுதிய கடிதத்திலேயே பொய்யும் எழுதிவிட்டீர்கள். உங்களுக்குப் பொய் சரியாக வரவில்லை. அண்ணனிடம் காட்ட வேண்டாம் என்று எழுதாமல் இருந்திருந்தால் நான் நம்பியிருப்பேன்.

கடிதத்தைக் காட்டவில்லை. சோறு போட்டுக்கொண்டே சும்மா கேட்பதுபோல ஒன்று கேட்டேன். "அந்தக் கசப்பு மாத்திர ஒடம்புல எத்தன நாளைக்குங்க நிக்கும்?"

"நாளோ? சில மணித்தியாலம்தான் நிக்கும். அதாலதான் தொட்டியில விடுற காலமையும் குடுக்கிறது" என்றார்.

நான் சட்டியை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டேன். அவரும் பின்னால் வந்தார். வந்து என் முகத்தைப் பார்த்தார். "மூக்காயி, காலமை குடுத்தனீதானே?" என்று கேட்டார். நான் சட்டியோடு அப்படியே கீழே உட்கார்ந்துவிட்டேன். அவருக்குத் தெரிந்துவிட்டது. கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை. என் கையிலிருந்த சட்டியை வாங்கிக் கீழே வைத்தார். அடுப்படி மண்ணிலேயே என் பக்கத்தில் உட்கார்ந்தார். பிறகு எல்லாவற்றையும் சொன்னேன், உங்கள் கடிதங்களையும் கொடுத்தேன். தண்ணீர் வார்க்கும் நாளில் மருந்து தொடக்கூடாது என்பது உங்கள் ஊரிலும் உண்டாம். "தங்கச்சி மறந்திட்டாள். எனக்கு நினைவிருக்கு. நான் வாசலில நிக்காமல் உள்ள வந்திருந்தால் கேட்டிருப்பன்" என்று சொல்லிச் சொல்லி அழுதார்.

பொழுது விடிந்ததும் அவர் முகத்தில் விழிப்பது எப்படி என்றுதான் எனக்குப் பயமாக இருந்தது. விடிந்தது. தேத்தண்ணீர் ஊற்றிக் கொடுத்தார், குடித்தேன். அப்படியே நாள் போகிறது. எனக்கு ஆறுதல் கிடையாது மச்சாள். இருக்கிற வரை இதோடுதான் இருக்க வேண்டும். அதை நீங்கள் பொய் சொல்லி என்னிடமிருந்து எடுக்க முடியாது.

பெரிய டாக்டரிடம் போய் உள்ளதைச் சொல்லுங்கள். வெட்கப்பட வேண்டியது நான், நீங்கள் அல்ல. மாற்றம் வேண்டாம் என்று எழுதிக் கொடுங்கள். இன்னொரு பிள்ளையை அந்தத் தொட்டியில் கிடத்தும்போது நீங்கள்தான் பக்கத்தில் நிற்க வேண்டும். அந்தப் பிள்ளையின் அம்மாவைக் கூப்பிட்டு உட்கார வைத்து, மாத்திரை எதற்கு, ஒரு வேளை விட்டாலும் என்ன ஆகும் என்று பச்சையாகச் சொல்லுங்கள். பயப்படுவாள். பயப்படட்டும்.

அவர், "அவளை இஞ்ச வரச் சொல்லு" என்கிறார். வாருங்கள். அவிசாவளையில் இறங்கிவிடாதீர்கள், தெரணியகலை வரை டிக்கெட் எடுங்கள். அவர் பஸ்ஸடியில் நிற்பார்.

வந்து எனக்கு ஆறுதல் சொல்ல வேண்டாம். ஒன்று மட்டும் சொல்லுங்கள். ஆபரேஷன் அறைக் கதவு வரைக்கும்தான் அவள் என் கையில் இருந்தாள். அதற்குப் பிறகு உங்களிடம்தானே இருந்தாள். தூங்குவதற்கு முன்னால் மாமியிடம் ஏதாவது பேசியிருப்பாளே, சும்மா இருக்கிற பிள்ளை இல்லையே. என்ன சொன்னாள் மச்சாள்?

உங்கள் மச்சாள்
மூக்காயி